வக்கீலா, பாராலீகலா? சட்டத் துறைக்குள் வர நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

டிகிரி முடித்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி: “எல்.எல்.பி. சேர்வதா, இல்லை பாராலீகல் கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டு உடனே வேலைக்குப் போவதா?” பாராலீகல் என்றால், தான் வக்கீலாக இல்லாமல் வக்கீலுக்குச் சட்ட வேலைகளில் உதவுபவர். இந்தக் கேள்வியையே இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பவர்களும் உண்டு. வக்கீல் ஆபீசில் பல வருடமாகக் குமாஸ்தாவாக இருப்பவர், “இத்தனை அனுபவம் இருக்கிறதே, இதை வைத்து நான் வக்கீலாக வழி உண்டா?” என்பார்.

இருவருக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டிய விஷயம் ஒன்று. நம் நாட்டில் பாராலீகல் வேலை, வக்கீல் தொழிலுக்கு ஏறும் படிக்கட்டு கிடையாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். இடையில் கதவு இல்லை. இருபது வருடக் குமாஸ்தா அனுபவம் சட்டப் படிப்பில் ஒரு நாளைக்கூடக் குறைக்காது. இது தெரியாமல் “இதில் சேர்ந்து அப்படியே மேலே போய்விடலாம்” என்று நினைத்து வருபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## சட்டம் எங்கே கோடு போடுகிறது

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் வருவதற்கு முன்பு வக்கீல், பிளீடர், முக்தியார் என்று பல படிநிலைகள் இருந்தன. ஒருவர் கீழ்க் கோர்ட்டில் மட்டும் ஆஜராகலாம், இன்னொருவர் ரெவின்யூ அலுவலகத்தில் மட்டும் என்று ஆளுக்கோர் எல்லை. அந்தச் சட்டம் இவை அத்தனையையும் நீக்கிவிட்டு ஒரே வகுப்பை வைத்தது. அதன் 29-ஆம் பிரிவின்படி சட்டத் தொழில் செய்யும் உரிமை வழக்கறிஞர்களுக்கு மட்டுமே. உரிமை இல்லாதவர் கோர்ட்டில் தொழில் நடத்தினால் 45-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை.

தொழில் என்றால் கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடுவது மட்டும்தானே என்று தோன்றும். வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இங்கே தொழில் செய்யலாமா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஏ.கே. பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. சட்டக் கருத்து எழுதித் தருவதும், ஆவணம் வரைந்து கொடுப்பதும்கூடச் சட்டத் தொழிலுக்குள்தான் வரும். ஆகவே பாராலீகல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் செய்யும் வேலை ஒரு வக்கீலின் பெயரில், அவருடைய பொறுப்பில்தான் வெளியே போக வேண்டும். “பாராலீகல் கன்சல்டன்ட்” என்று தனியாகப் போர்டு மாட்டிக்கொண்டு லீகல் ஒப்பீனியன் கொடுப்பது வம்பை விலை கொடுத்து வாங்குவது.

விலக்குகள் சில உண்டு. நுகர்வோர் ஆணையங்களில் 2014 ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு வக்கீல் அல்லாதவரும் கட்சிக்காரருக்காக ஆஜராகலாம். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி ஒரு குறிப்பிட்ட வழக்கில் மட்டும் கோர்ட் அனுமதி தரலாம். பத்திர எழுத்தர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி உரிமம் இருக்கிறது. ஆனால் இவற்றில் எதுவும் பாராலீகல் கோர்ஸ் சான்றிதழால் கிடைப்பதில்லை.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. 2021-ல் அங்கே வந்த புதிய சொலிசிட்டர் தேர்வு முறையில், பாராலீகலாக வேலை பார்த்த காலத்தையும் தகுதிக்கான இரண்டு ஆண்டுப் பணி அனுபவத்தில் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் விற்கப்படும் பல ஆன்லைன் பாராலீகல் கோர்ஸ்களின் விளம்பரம் அந்த நாட்டுப் படத்தைக் காட்டித்தான் ஆசை மூட்டுகிறது. பணம் கட்டும் முன் இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் ஐந்து விஷயங்களைக் கேட்பேன். ஒன்று, சட்டப்படி உங்களால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது. இரண்டு, கையில் காசு வராத வருடங்கள் எத்தனை. அதை உங்கள் வீடு தாங்குமா. மூன்று, பத்து வருடம் கழித்து வருமானமும் மரியாதையும் எங்கே நிற்கும். நான்கு, தப்பு நடந்தால் யார் தலையில் விழும். ஐந்து, பாதை பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர முடியுமா.

இவற்றில் இரண்டாவதுதான் என் கணக்கில் மிகக் கனமானது. திறமை இல்லாமல் இந்தத் தொழிலை விட்டவர்களைவிட, மூன்றாவது வருடம் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் விட்டவர்கள்தான் என் கண்ணில் அதிகம் பட்டிருக்கிறார்கள்.

## வழி 1: வழக்கறிஞர்

+2 முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு, டிகிரி முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. முந்தைய தேர்வில் பொதுப் பிரிவினர் 45, பிற்படுத்தப்பட்டோர் 42, பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் 40 சதவீதம் எடுத்திருக்க வேண்டும் என்பது, வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் நெறிப்படுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதி. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை, கட்டணமும் குறைவு. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்பில் சேர கிளாட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அங்கே வருடக் கட்டணம் லட்சத்தைத் தாண்டும்.

சேரும் முன் பார்க்க வேண்டிய பள்ளம் ஒன்று இருக்கிறது. தொலைதூரக் கல்வியில் டிகிரி படித்தவர் சேரலாம். ஆனால் பத்தாவது, +2 படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி வாங்கியவரை விதி அனுமதிப்பதில்லை. இது தெரியாமல் படித்து முடித்துவிட்டு என்ரோல்மென்ட், அதாவது வக்கீலாகப் பதிவு செய்யும் சமயத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எல்.எல்.பி. படிப்பையே தபாலில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த டிகிரியை வைத்துக்கொண்டு சன்னது (வக்கீலாகப் பதிவு செய்த சான்று) வாங்க முடியாது என்பதை ஞாபகம் வையுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. வருகைப் பதிவு 70 சதவீதம் வேண்டும். 2024-ல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா அனுப்பிய சுற்றறிக்கையில், வேலையில் இருக்கும் மாணவர்கள் அதைத் தெரிவித்து, வேலை கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாண்டுப் படிப்பில் பன்னிரண்டு வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் இருபது வாரமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம். பகல் வேலையில் இருப்பவருக்கு இது லேசான காரியம் இல்லை.

படிப்பு முடிந்தால் என்ரோல்மென்ட். முன்பு பல மாநிலங்களில் 15,000 ரூபாயில் தொடங்கி 42,000 வரை கறந்தார்கள். கௌரவ் குமார் வழக்கில் 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சட்டத்தில் இருக்கிறபடி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். முத்திரைக் கட்டணம் தவிர வேறு எந்தப் பெயரிலும் கூடுதலாக வாங்கக் கூடாது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தீர்ப்பு செய்திருக்கும் நன்மை கொஞ்சநஞ்சம் இல்லை. அதன்பிறகு அகில இந்திய பார் தேர்வு: 100 கேள்வி, பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம் தேர்ச்சி. ஒழுங்காகப் படித்தவர் பயப்பட வேண்டிய தேர்வு அல்ல.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். சீனியர் ஆபீசில் ஜூனியராக இருக்கும் முதல் சில வருடங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொன்னது: சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. நல்ல உத்தரவு. ஆனால் மாவட்டக் கோர்ட் பக்கம் போய் ஜூனியர்களை விசாரித்துப் பாருங்கள். பஸ் காசும் மதியச் சாப்பாடும் மட்டும் கிடைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வக்கீல் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த வருடங்கள் பெரிதில்லை. அப்பாவின் வழக்குக் கட்டுகள் காத்திருக்கும். முதல் தலைமுறை வக்கீலுக்கு அது ஒரு தவம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவு, மற்ற கதவுகள் மூடிக்கொள்வது. பார் கவுன்சில் விதி 49-ன்படி வக்கீல் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. விதி 47-ன்படி தானே நேரில் வியாபாரம் நடத்தக் கூடாது. குடும்பக் கடை இருந்தால் பங்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் தானே நடத்த முடியாது. விதி 36 விளம்பரத்தைத் தடுக்கிறது. வழக்கில் கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசவும் முடியாது. “வக்கீலாகிவிட்டு பக்கத்தில் ரியல் எஸ்டேட்டும் பார்க்கலாம்” என்று திட்டம் போடுபவர்கள் இந்த விதிகளை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

சரி, இவ்வளவுக்கும் பதிலாக என்னதான் கிடைக்கிறது? சாட்சி எதிர்பாராத ஒரு பதிலைச் சொல்கிறார். இன்னொரு கேள்வி கேட்டால் உண்மை வெளியே வரலாம், இருக்கிற நல்ல பதிலும் கெட்டுப் போகலாம். கேட்பதா, உட்கார்வதா? அந்தச் சில விநாடிகளில் முடிவெடுப்பவர் நீங்கள் மட்டும்தான். சீனியர் பக்கத்தில் இருக்க மாட்டார், வழக்குக் கட்டுக்குள் விடை இருக்காது. ஒரு மனிதரின் வீடோ சுதந்திரமோ அந்த முடிவில் தொங்கும். இந்தப் பொறுப்பை நினைத்தால் உங்களுக்கு உற்சாகம் வருகிறதா, தூக்கம் போகிறதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை கவுன்சிலிங்குக்குப் போனாலும் இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

தப்புக்கான பொறுப்பும் வக்கீலுடையதுதான். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி பார் கவுன்சில் கண்டிக்கலாம், சஸ்பெண்ட் செய்யலாம், பட்டியலில் இருந்தே பெயரை நீக்கலாம். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்காகப் பொறுப்பு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

நீதிபதி ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 20 தீர்ப்புக்குப் பிறகு சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் மீண்டும் கட்டாயமாகிவிட்டது. கல்லூரியில் இருந்து நேராகத் தேர்வெழுதிப் போகும் வழி இப்போது இல்லை.

## வழி 2: வக்கீல் குமாஸ்தா

பாராலீகல் என்ற பெயர் இங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த வேலையைச் செய்துவருபவர் வக்கீல் குமாஸ்தாதான். கோர்ட்டில் எழுந்து பேசும் உரிமை ஒன்றைத் தவிர, ஒரு வழக்கு உயிரோடு இருக்கத் தேவையான பாதி வேலை இவர் கையில்.

பிராது தாக்கல் செய்வது, கோர்ட் ஃபீ சரிபார்ப்பது, ரிட்டர்ன் ஆன பேப்பரைக் குறைகளைச் சரிசெய்து கெடுவுக்குள் திரும்பப் போடுவது, வழக்குக்கு நம்பர் ஆகும்வரை பின்தொடர்வது, எதிர்த்தரப்புக்கு சம்மன் போக பேட்டா என்ற கட்டணத்தைக் கட்டுவது, மறுநாள் கட்டுகளை எடுத்து வைப்பது, வாய்தா தேதியை டைரியில் ஏற்றுவது. இப்போது இ-ஃபைலிங்கும், ஒவ்வொரு வழக்குக்கும் கணினியில் தரப்படும் சி.என்.ஆர். என்ற அடையாள நம்பரும் சேர்ந்துகொண்டன. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததும், விரல் நுனியில் வைத்திருந்த பிரிவு எண்களை எல்லாம் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று.

நல்ல குமாஸ்தாவின் மதிப்பு தெரிய வேண்டுமானால் ஒரு தீர்ப்பின் சான்றிட்ட நகலைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் தேதிகள் வரிசையாக இருக்கும்: நகல் மனு போட்ட நாள், முத்திரைத்தாள் கேட்கப்பட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுக்கப்பட்ட நாள். சப் கோர்ட், முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு எதிராக மாவட்டக் கோர்ட்டில் அப்பீல் போட 30 நாள்தான் கெடு. காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நகல் வாங்கத் தேவைப்பட்ட நாட்களை அந்தக் கணக்கில் இருந்து கழித்துவிடும். ஆனால் முத்திரைத்தாள் கேட்ட பிறகு கட்டாமல் நாம் கடத்திய நாட்கள் கழியாது. நோட்டீஸ் போர்டை தினமும் பார்த்து, கேட்ட அன்றே கட்டிவிடும் குமாஸ்தா இருக்கும் ஆபீசில் அப்பீல் தப்பும். அசட்டையாக இருந்தால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு, தனி வாதம், தனிச் செலவு. இந்த வேலையை யாரும் பாராட்டிப் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் ஆதங்கம்.

நுழைவு எளிது. பெரிய படிப்பு வேண்டாம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பிழையில்லாமல் டைப் செய்யத் தெரிந்தால் முதல் மாதமே சம்பளம். அதோடு கட்சிக்காரர் வழக்குக்கு இவ்வளவு என்று குமாஸ்தா ஃபீஸும் தருவது வழக்கம். தமிழ்நாட்டில் வழக்கறிஞர் குமாஸ்தாக்களுக்கென 1999-ல் நல நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. சேர்ந்தவுடன் அதில் உறுப்பினராவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

மறைந்திருக்கும் விலை என்ன? வேலை ஒரு மனிதரை நம்பியது. சீனியர் காலமானாலோ பிராக்டிஸை நிறுத்தினாலோ நீங்கள் ஐம்பது வயதில் புது ஆபீஸ் தேட வேண்டும். பெரும்பாலான ஆபீஸ்களில் பி.எஃப். கிடையாது, நியமனக் கடிதமும் கிடையாது. வருமானம் சீக்கிரம் ஆரம்பித்து சீக்கிரமே ஒரு மட்டத்தில் நின்றுவிடும். நேற்று நீங்கள் பேப்பர் போடக் கற்றுக்கொடுத்த ஜூனியர் ஐந்து வருடத்தில் காரில் வருவார். அதைப் பார்த்து மனம் கசக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். சிலருக்கு அது முடிகிறது, பலருக்கு முடிவதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்ன ரகசியத்தைக் காக்கும் கடமை குமாஸ்தாவுக்கும் உண்டு. புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு வக்கீலின் குமாஸ்தாவையும் ஊழியரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. டீக்கடையில் கேஸ் கதை பேசும் பழக்கம் இருந்தால் இந்த வேலை வேண்டாம். இன்னொன்று, கமிஷனுக்குக் கட்சிக்காரர் பிடித்துத் தருவது. கோர்ட் புரோக்கர்களைத் தண்டிக்க 2023 திருத்தத்தின் மூலம் 45-ஏ என்ற பிரிவு வழக்கறிஞர்கள் சட்டத்தில் வந்திருக்கிறது. மூன்று மாதம் வரை சிறை.

## வழி 3: கம்பெனிப் பாராலீகல்

சென்னையில் எல்.பி.ஓ. எனப்படும் சட்டப் பணி நிறுவனங்கள், பெரிய சட்ட நிறுவனங்கள், வங்கிகள், கம்பெனிகளின் லீகல் பிரிவு ஆகியவற்றில் இருக்கும் வேலை. ஒப்பந்தங்களைப் படித்து முக்கிய ஷரத்துகளைப் பட்டியலிடுவது, வெளிநாட்டு வழக்குகளுக்கு ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களைப் படித்து எது சம்பந்தப்பட்டது என்று பிரிப்பது, காப்புரிமை ஆவணங்கள், கம்பெனி பதிவுகள். ஏசி அறை, மாதச் சம்பளம், பி.எஃப்., மருத்துவக் காப்பீடு. அமெரிக்க வேலை என்றால் இரவு ஷிஃப்ட்.

நல்ல ஆங்கிலம் இருந்தால் சட்டப் படிப்பு இல்லாதவர்களுக்கும் அடிமட்ட வேலைகளில் இடம் உண்டு. ஆனால் விளம்பரங்களைக் கவனியுங்கள்: பெரும்பாலான நல்ல இடங்களுக்கு எல்.எல்.பி. கேட்கிறார்கள். பாராலீகல் என்ற பதவிக்கே சட்டப் பட்டதாரி போட்டியிடும்போது ஆறு மாத டிப்ளமோவுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எல்.எல்.பி. முடித்து இந்த வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விலை வேறு. முழுநேரச் சம்பளம் என்பதால் சன்னதைச் சஸ்பெண்ட் செய்ய வேண்டும். அந்த வருடங்கள் வக்கீல் அனுபவமாகக் கணக்கில் வராது. ஐந்து வருடம் கழித்து கோர்ட்டுக்குத் திரும்பினால் முதல் நாள் ஜூனியர்தான். அதற்குள் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் வந்திருக்கும். ஜூனியர் வருமானத்துக்குத் திரும்ப யாருக்கும் மனம் வராது. சட்டம் அனுமதித்தாலும் வீட்டு பட்ஜெட் அனுமதிக்காது.

இன்னொரு கவலையும் சொல்ல வேண்டும். ஆவணங்களைப் படித்துப் பிரிக்கும் வேலையில் மென்பொருள் வேகமாக நுழைந்துவருகிறது. இன்று சேர்பவர், மென்பொருள் தந்த முடிவைச் சரிபார்த்துத் தப்பு கண்டுபிடிக்கும் அளவுக்குச் சட்டம் தெரிந்தவராக இருந்தால் நிலைப்பார். தாளைப் புரட்ட மட்டும் தெரிந்தால் கஷ்டம்.

## வழி 4: சட்டத் தன்னார்வலர்

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களில் பாரா லீகல் வாலண்டியர் என்று ஒரு பொறுப்பு உண்டு. 2009-ல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு தொடங்கிய திட்டம். பத்தாவது படித்திருந்தால் நல்லது. ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், சுய உதவிக்குழுப் பெண்கள், சட்ட மாணவர்கள் என்று பலரும் சேரலாம். வக்கீலாகப் பதிவு செய்துவிட்டால் தொடர முடியாது. கிராமத்தில் முதியோர் உதவித்தொகை மனு எழுதுவது, வன்முறைக்கு ஆளான பெண்ணை இலவச சட்ட உதவிக்கு அழைத்துப் போவது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வருபவருக்குத் துணை நிற்பது ஆகியவை இவர்களுடைய வேலை.

மனதார மதிக்கும் வேலை எனக்கு இது. ஆனால் இதில் கிடைப்பது பணி செய்த நாளுக்கான மதிப்பூதியம் மட்டுமே. சம்பளம் கிடையாது, நிரந்தரமும் ஆகாது. பிழைப்புக்கு என்று இதை நம்பி வராதீர்கள். சட்டப் படிப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு மட்டும் இதைப்போல் நல்ல பரீட்சார்த்தம் வேறு இல்லை.

## ஒரே பார்வையில்

| | வழக்கறிஞர் | வக்கீல் குமாஸ்தா | கம்பெனிப் பாராலீகல் | சட்டத் தன்னார்வலர் |
|---|---|---|---|---|
| தேவையான படிப்பு | எல்.எல்.பி., பதிவு, பார் தேர்வு | கட்டாயப் படிப்பு இல்லை | டிகிரி. நல்ல இடத்துக்கு எல்.எல்.பி. | எழுதப் படிக்க வேண்டும். பத்தாவது நல்லது |
| கோர்ட்டில் ஆஜராகும் உரிமை | உண்டு | இல்லை | இல்லை | இல்லை |
| முதல் வருமானம் | +2-க்குப் பிறகு ஆறேழு வருடம் ஆகலாம் | முதல் மாதம் | முதல் மாதம் | மதிப்பூதியம் மட்டும் |
| பத்து வருடம் கழித்து | எல்லை இல்லை. உத்தரவாதமும் இல்லை | ஒரு மட்டத்தில் நிற்கும் | நிதானமான உயர்வு | பொருந்தாது |
| தப்புக்குப் பொறுப்பு | தானே, பார் கவுன்சில் முன் | ஆபீசுக்குள். வெளியே வக்கீல் | நிறுவனம் | ஆணைக்குழு |
| வேறு தொழில் செய்யலாமா | பெரும்பாலும் கூடாது | தடை இல்லை | நிறுவன விதிப்படி | செய்யலாம் |

## யாருக்கு எது

+2 முடித்த பிள்ளை, அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்கும் மதிப்பெண், ஏழு வருடம் பெரிய வருமானம் எதிர்பார்க்காத குடும்பம்: தயங்காமல் வக்கீல் படிப்பு. சட்ட ஆசை இருக்கிறது, வீட்டில் உடனே சம்பளம் வேண்டும் என்றால் கம்பெனி வேலை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் எல்.எல்.பி. பற்றி முடிவெடுத்துவிடுங்கள், அதற்கான பணத்தை முதல் சம்பளத்தில் இருந்தே ஒதுக்குங்கள். ஒழுங்கும் ஞாபகசக்தியும் இருக்கிறது, மேடையில் பேசக் கூச்சம், சொந்த ஊரைவிட்டுப் போக விருப்பமில்லை என்றால் குமாஸ்தா வேலை மரியாதையான வாழ்க்கை தரும். நல்ல சீனியராகப் பார்த்துச் சேருங்கள். இந்த வழியில் எல்லாமே அந்த ஒரு தேர்வில்தான் இருக்கிறது. குடும்ப வியாபாரம் கையில் இருப்பவர் சன்னது எடுக்கும் முன் இருமுறை யோசிக்கட்டும்.

எதுவுமே முடிவாகாதவர்களுக்கு என் யோசனை: கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு மூன்று மாதம் உங்கள் ஊர் வக்கீல் ஆபீஸ் ஒன்றில் போய் உட்காருங்கள். காலை பத்தரைக்குக் கோர்ட் ஹாலில் வழக்கு கூப்பிடுவதில் இருந்து, மாலை கட்சிக்காரர் அழுதுகொண்டே கதை சொல்வது வரை பாருங்கள். எந்த பாராலீகல் கோர்ஸும் இதைக் கற்றுத் தராது, செலவும் இல்லை.

## பத்து வருடக் குமாஸ்தாவின் கேள்விக்கு

மூன்றாண்டு எல்.எல்.பி.க்குத் தமிழ்நாட்டில் வயது உச்சவரம்பு இல்லை. நாற்பதிலும் சேரலாம். டிகிரி இல்லாதவர் முதலில் அதை முடிக்க வேண்டும். +2 படித்தவராக இருந்தால் தொலைதூரக் கல்வி போதும். சிக்கல் நேரத்தில்தான். கல்லூரி நடக்கும் அதே நேரத்தில்தான் கோர்ட்டும் நடக்கிறது. ஆகவே மூன்று வருடம் குமாஸ்தா வருமானம் பெரும்பகுதி நின்றுபோகும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மாலையில் டைப்பிங், இ-ஃபைலிங் வேலை எடுத்துக்கொண்டு சமாளிப்பவர்கள் உண்டு. உங்கள் சீனியரிடம் மறைக்காமல் பேசுங்கள். நல்ல சீனியராக இருந்தால் மாலை வேலையாவது கொடுப்பார்.

அனுபவம் படிப்பைக் குறைக்காது என்று மேலே சொன்னேன். பதிவு செய்த மறுநாளில் இருந்து அது பேச ஆரம்பிக்கும். மற்ற ஜூனியர்கள் எந்த மனுவை எந்த ஜன்னலில் கொடுப்பது என்று தடுமாறும்போது உங்களுக்கு எல்லாம் அத்துப்படி. எந்தக் கட்சிக்காரருக்கும் உங்கள் முகம் புதிதில்லை. கோட்டு போட்ட முதல் வருடத்திலேயே சொந்தக் கட்டுகளோடு நிற்கும் முதல் தலைமுறை வக்கீல்களில் முன்னாள் குமாஸ்தாக்களைப் பார்த்திருக்கிறேன். டிகிரி கையில் இருந்து, மூன்று வருடத்துக்கான வீட்டுச் செலவுக்கு வழியும் இருந்தால் இந்த வருடமே விண்ணப்பியுங்கள். வழி இல்லையென்றால், விண்ணப்பத்துக்கு முன் அதைச் சேர்க்க ஆரம்பியுங்கள்.